ஓமா, இல்லையா?

ஆதிபா மேலே ஏறி வரவில்லை. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில், கைப்பிடிக் கம்பியில் கை படாமல் நின்றுகொண்டு, "டொக்டர் அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

விஷ்ணுப்பிரியா அப்போது மாலை நிகழ்ச்சிக்கு உடுத்த வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழ் வீட்டுப் பெண். பல்கலைக்கழகம் மூடியதிலிருந்து வெளியில் தலைகாட்டாதவள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன.

"வாப்பாக்கு மூச்செடுக்க ஏலாம ஈக்கு. உம்மாக்குத் தெரியாம வந்தேன்."

"எப்ப தொடங்கினது?"

"போன கிழமை காய்ச்சல். அது விட்டுட்டு. இப்ப ரெண்டு வார்த்த கதைச்சாலே வாங்குது. படுக்கவும் ஏலா, சாஞ்சேதான் ஈக்கிறார்."

"ஏன் ஆதிபா அப்பவே சொல்லேல்ல? ஒரு படிக்கட்டுத்தானே நடுவில?"

ஆதிபா தரையைப் பார்த்தாள். "ஆருக்குச் சொன்னாலும் உங்களுக்குச் சொல்ல வாணாம் எண்டு உம்மா சொன்னாங்க."

ஏன் என்று விஷ்ணுப்பிரியா கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலை கொழும்பைப் பிடித்திருந்த மாதங்கள் அவை. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை எல்லாம் மூடிக் கிடந்தன. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று மாறி ஒன்றாக மஞ்சள் நாடா கட்டினார்கள். நோயால் இறந்தவர் எந்த மதத்தவரானாலும் உடலை எரிக்க வேண்டும் என்பது விதி. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று ஒரு பக்கம் சொன்னது. அதற்கு ஆதாரம் எங்கே என்று மறுபக்கம் கேட்டது. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் கைபேசிகளிலும் அதே வாக்குவாதம்தான். முஸ்லிம் வீடுகளில் அது வெறும் வாக்குவாதமாக இருக்கவில்லை.

விஷ்ணுப்பிரியா அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டர். தமிழில் விளங்கப்படுத்தக்கூடியவள் என்பதால் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று அவளை அடிக்கடி அழைத்தது. கை கழுவுவது, முகக்கவசம் போடுவது, இடைவெளி விடுவது பற்றிப் பேச மேலிடம் அனுமதி தந்திருந்தது. முந்தைய வாரம் நேரலை விவாதத்தில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜனா திடீரென்று அவள் பக்கம் திரும்பினான்.

"டொக்டர், ஒரே ஒரு கேள்வி. புதைத்தால் பரவுமா? ஓமா, இல்லையா?"

பதில் அவளுக்குத் தெரியும். ஆனால் நிபுணர் குழு ஆராய்கிறது, முடிவு வரும்வரை முன்னெச்சரிக்கை நல்லது, பாதுகாப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று நிறையச் சொன்னாள். அந்தப் பதிலிலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்து, 'எரிப்பதே பாதுகாப்பு, தமிழ் டொக்டர் சொல்கிறார்' என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரே நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது.

ஆஸ்பத்திரிப் பையிலிருந்து மேலங்கியையும் கையுறையையும் எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் போட்டுக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

கதவைத் திறந்த நஸீறா, ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"இங்க ஆருக்கும் ஒண்டுமில்ல. நீங்க போங்க டொக்டர்."

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. நடுவில் மூச்சுக்குத் தவித்து நின்று, மறுபடி தொடங்கும் இருமல்.

"நஸீறா தாத்தா, இந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொரு நாளும் கேக்கிறன். ஒருக்கா உள்ள விடுங்க." அக்காவை அந்த வீட்டார் 'தாத்தா' என்றுதான் சொல்வார்கள்; அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நீங்கதானே டீவில சொன்னது, எரிக்கோணும் எண்டு?" நஸீறாவின் குரல் உயரவில்லை. "உங்கட வீட்டுக் கலியாணத்துக்கு வட்டிலாப்பம் செஞ்சு தந்தவ நான். ஒரு வார்த்த, இவங்களுக்கு நோகுமே எண்டு யோசிச்சீங்களா? இப்ப வந்து அவரையும் கொண்டு போகப் பாக்கிறீங்க."

"நான் கொண்டு போக வரேல்ல. அவருக்கு எவ்வளவு மூச்சு இருக்கு எண்டு பாக்க வந்தனான். பாத்துட்டு, நீங்க போகச் சொன்னா போறன்."

மறுபடி இருமல் கேட்டதும் நஸீறாவின் கை தானாகக் கீழே இறங்கியது.

ஆதிபாவின் தந்தை பௌஸி மாஸ்டரை வெள்ளவத்தையில் தெரியாதவர்கள் குறைவு. காலி வீதி டியூஷன் மண்டபங்களில் வர்த்தகப் பாடம் எடுப்பவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு முன்னால் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை வரைக்கும் கேட்கப் பேசுவார். வாதாடுவதில் அவருக்கு அலுப்பே கிடையாது. கிரிக்கெட்டோ அரசியலோ, லிப்ட் திருத்துவது பற்றிய கூட்டமோ, எதிர்க்கட்சி எடுக்க ஒருவர் வேண்டுமென்றால் அவர்தான். இப்போது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது.

"வாங்க டொக்டர்... டீவில... கொஞ்சம் குள்ளமாத் தெரிஞ்சீங்க."

"கதைக்காதீங்க சேர். விரலைத் தாங்க."

விரலில் மாட்டிய சிறு கருவி எண்பத்து மூன்று என்று காட்டியது. அவள் கழற்றி அடுத்த விரலில் மாட்டினாள். அதே எண்.

"எவ்வளவு ஈக்கோணும்?" என்று நஸீறா கேட்டாள்.

"தொண்ணூத்தஞ்சுக்கு மேல. சேர், இப்பவே போகோணும். பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

பௌஸி தலையை ஆட்டினார். "நான் முடிவெடுத்தாச்சு. எங்கட டொக்டர் ஒராள்... ஹார்ட் அட்டாக் எண்டு எழுதித் தருவார். அசர் தொழுகைக்கு முதல் அடக்கிடலாம். எனக்கு மண்... போதும்."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற ஆதிபா வாயைப் பொத்திக்கொண்டாள். வாப்பா தன் சாவுக்கு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

விஷ்ணுப்பிரியா ஒரு கதிரையை இழுத்து ஜன்னலோரமாகப் போட்டு உட்கார்ந்தாள். அவசரப்பட்டால் இந்த மனிதர் அசையமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"அவர் எழுதினாலும் இந்த நேரத்தில பீ.சீ.ஆர். எடுக்காம விடமாட்டாங்க. எடுத்தா பொசிட்டிவ் எண்டுதான் வரும். அப்பவும் நெருப்புத்தான். ஆனா அது இல்ல சேர் விஷயம். நீங்க சாக வேண்டிய ஆளே இல்ல. ஒக்சிசன் குடுத்தா எழும்பி வரலாம்."

"லாமா?"

"லாம்தான். வருவீங்க எண்டு சத்தியம் பண்ண எனக்கு ஏலாது."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, இருமலாக மாறியது. அது அடங்கியதும் அவளை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப ஒண்டு சொல்லுங்க. புதைச்சா பரவுமா? ஓமா... இல்லையா?"

ஜனா கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லாமல் தப்புவதற்கு அவளிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன.

"இல்லை," என்றாள். "பரவும் எண்டதுக்கு எங்கயும் ஒரு ஆதாரமும் இல்ல. உலக சுகாதார நிறுவனமும் புதைக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் சரி எண்டுதான் சொல்லியிருக்கு."

கடலோரத் தண்டவாளத்தில் ரயில் எதுவும் ஓடாத நாட்கள் அவை. அலைச் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

"உங்களுக்கு இது தெரிஞ்சே ஈந்திருக்கு," என்றாள் நஸீறா.

"ஓம். பயத்தில சொல்லேல்ல. வேலை போயிடும் எண்டு பயம்."

"ஆதிபா, ஃபோன எடு," என்றாள் நஸீறா, மகளைத் திரும்பிப் பாராமல். "டொக்டர் அத மறுக்கா ஒருக்கா சொல்லட்டும்."

ஆதிபா கைபேசியை உயர்த்தினாள். விஷ்ணுப்பிரியாவின் கழுத்தில் வியர்வை வழிந்து மேலங்கிக்குள் இறங்கியது. அரசாங்க உத்தியோகத்தர் அனுமதி இல்லாமல் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா ஏகப்பன், செட்டியார்தெருவில் இருந்த கடையைப் பூட்டிய பிறகு வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. கட்டிலில் கிடந்தவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் தூக்கிப்போட்டன.

"என் பெயர் விஷ்ணுப்பிரியா ஏகப்பன்," என்று தொடங்கினாள். சொல்ல வேண்டியதை ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

பௌஸி மனைவியைப் பார்த்தார். முடிவு இப்போது தன்னிடம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

"எழும்புங்க," என்றாள் நஸீறா. "எனக்கு நீங்க உசிரோட வேணும். கபுர்க் குழிக் கதை பொறகு."

"நஸீறா... எரிச்சிட்டாங்கண்டா?"

"அல்லாஹ்வுக்குச் சாம்பலையும் எழுப்பத் தெரியும். எழும்புங்க."

அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வந்தபோது எதிர்ப்பக்க மாடிகளில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். சிலர் கைபேசியில் படமெடுத்தார்கள். பௌஸியை நாற்காலியில் வைத்து இறக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் நவரத்தினம் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பிள்ளை, இத்தினை நாளும் இதை மறைச்சு வச்சிருந்தவையோ? என்ர மனிசிக்கு டயலிசிஸ். பில்டிங்கைப் பூட்டினால் நான் அவவை எங்க கொண்டு போறது? சொல்லுங்கோ, எங்க கொண்டு போறது?"

அவர் கண்களில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "வெளியில போறதுக்குப் பாஸ் எடுத்துத் தாறன் அங்கிள்," என்றாள் விஷ்ணுப்பிரியா. "ஆனா அவர் ஒளிச்சிருந்தது உங்கள ஏமாத்த இல்ல. ஆஸ்பத்திரிக்குப் பயந்துதான்."

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். இத்தனை நாள் விவாதத்தில் யாரும் சொல்லாத ஒன்றை இப்போது தானே சொல்லிவிட்டதாகப் பட்டது.

*

மேலே வந்ததும் குளித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் விசாலம் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆதிபா எடுத்த காணொளி அதற்குள் கீழ் வீட்டை விட்டு வெளியே போயிருந்தது. தோஹாவில் வேலை செய்யும் அண்ணன் ஷிராஸுக்கு மட்டும்தான் அவள் அனுப்பினாள். அவன் ஊருக்கே அனுப்பிவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மேலதிகாரி தொலைபேசி எடுத்தார். அவர் கத்தவில்லை. இன்றைய நிகழ்ச்சியில் கை கழுவுவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, அந்தக் காணொளி ஒரு நோயாளியைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்று ஒரு வரி சேர்த்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர். உண்மையிலேயே அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"அவர் சொல்றதைக் கேளேன் பிரியா," என்றாள் விசாலம் கதவுக்கு வெளியிலிருந்து. "நமக்கென்ன? நாம எரிக்கிறவங்க. ஊர் வம்பு உனக்கெதுக்கு?"

"அம்மா, அப்பாவைப் புதைக்கத்தான் வேணும் எண்டு நாளைக்கு ஒரு சட்டம் வந்தா?"

விசாலம் தட்டை எடுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

நிகழ்ச்சி தொடங்கியது. மடிக்கணினித் திரையில் ஜனா ஒரு சதுரத்தில், நிலத்தடி நீர் பற்றிப் பேச வந்த பொறியியலாளர் ஒருவர் இன்னொரு சதுரத்தில். பொறியியலாளர் நிதானமாகப் பேசினார். கொழும்பில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், இது புதுக் கிருமி, உறுதியாகத் தெரியாதபோது ஆபத்தில்லாத வழியை எடுப்பதுதான் பொறுப்பான செயல் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"டொக்டர், உங்கள் காணொளி ஒன்று இன்று பரவுகிறது," என்றான் ஜனா. "அதைப் பற்றி..."

"அதில இருக்கிறது நான்தான். நான் சொன்னது சரி. போன கிழமை இங்க சொல்லாமல் விட்டதுதான் பிழை," என்றாள். "இவர் ஆபத்தில்லாத வழி எண்டு சொல்றார். இண்டைக்கு மத்தியானம் ஒருத்தரைப் பார்த்தன். செத்தா எரிச்சிடுவாங்கள் எண்டு பயந்து, மூச்சில்லாமல் வீட்டுக்குள்ள கிடந்தார். ஒரு கட்டடம் முழுக்க ஆட்கள். அந்த வீட்டில அவரோட இன்னும் ரெண்டு பேர். கிருமி செத்தவரிட்டயிருந்து தண்ணிக்குள்ள போகுமோ எண்டு நாங்க வாதாடிக்கொண்டு இருக்கிறம். அது உயிரோட ஒளிச்சிருக்கிறவங்கட மூச்சிலதான் பரவுது. அவங்கள ஒளிய வைக்கிறது இந்த விதிதான்."

தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. முதல் ஆள் ஆணொருவர். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டுவிட்டுக் கெட்ட வார்த்தைக்குப் போனபோது இணைப்பைத் துண்டித்தார்கள். அடுத்து ஒரு பெண்.

"நான் கொச்சிக்கடையில இருந்து யோசெப்பின் கதைக்கிறன். நாங்க வேதக்காரர். என்ர அவரையும் எரிச்சுத்தான் போட்டாங்க. மாதம்பிட்டிச் சேமக்காலையில அவரைப் புதைக்க எண்டு இடம் இருந்தது, தகப்பனுக்குப் பக்கத்தில. அதுக்குப் பிறகு எங்கட தோட்டத்து வரிசை வீடுகளில ஒரு சனமும் காய்ச்சல் எண்டு வாய் திறக்கிறேல்ல. அந்த டொக்டர் பிள்ளை சொல்றது உண்மை." குரல் உடைந்தது. "வேற ஒண்டும் இல்ல. அவ்வளவுதான்."

ஜனா குனிந்து மேசையைப் பார்த்தான். அவனுடைய காதுக் கருவியில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். உடனே விளம்பரம் போட்டார்கள். விளம்பரம் முடிந்து நிகழ்ச்சி திரும்பியபோது விஷ்ணுப்பிரியாவின் சதுரம் திரையில் இல்லை.

*

நஸீறாவுக்கும் ஆதிபாவுக்கும் நோய் இருப்பது உறுதியானது. இருவரையும் ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். விஷ்ணுப்பிரியாவுக்கு இல்லை என்று வந்தது. கட்டடத்தை மூடினார்கள். நவரத்தினத்தின் மனைவிக்கு அவள் சொன்னபடி பாஸ் எடுத்துக் கொடுத்தாள். மேலிடத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை ஊடகங்களிடம் ஒரு சொல்லும் பேசக்கூடாது. ஆள் பற்றாக்குறையால் வேலைக்கு மட்டும் வரச் சொன்னார்கள்.

பௌஸி வேறொரு ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் இயந்திரத்தோடு கிடந்தார். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். நஸீறாவுக்கு முதலில் தொண்டை நோவு மட்டும்தான். "நான் நல்லா ஈக்கிறேன், அவரப் பாருங்க," என்று தொலைபேசியில் சொன்னாள். பிறகு ஒரு காலையில் விஷ்ணுப்பிரியா வேலைக்குப் போனபோது, இரவில் கொண்டுவந்த நோயாளிகளில் நஸீறாவும் இருந்தாள். சிகிச்சை நிலையத்தில் மூச்சு முட்டி, அம்புலன்ஸில் ஏற்றும்போதே நினைவு தப்பிவிட்டதாம்.

நினைவு திரும்பவேயில்லை. அடுத்த நாள் முற்பகல் நஸீறா இறந்துபோனாள்.

சிகிச்சை நிலையத்திலிருந்து ஆதிபா தொலைபேசி எடுத்தாள். அழவில்லை. அவசர அவசரமாகப் பேசினாள்.

"அக்கா, எரிக்கச் சம்மதமா எண்டு கேட்டு என்னட்டக் கோல் எடுக்கிறாங்க. வாப்பாட்ட சொல்ல ஏலா, அவர் மெஷின்ல ஈக்கிறார். ஷிராஸ் நானா தோஹால. நான் என்ன சொல்ல? வாணாம் எண்டு சொன்னா உம்மாவத் தருவாங்களா?"

"எனக்குக் கொஞ்ச நேரம் தா. கேட்டுப் பாக்கிறன்."

தனக்குத் தெரிந்த எல்லோரிடமும் கேட்டாள். மேலதிகாரியிடம் போய், உடலைக் குளிர் அறையில் வைத்திருங்கள், நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன, விதி மாறலாம் என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, குளிர் அறையில் இடமில்லை, இருந்தாலும் முடிவு என் கையில் இல்லை என்றார். அமைச்சில் இருந்த பழைய வகுப்புத் தோழி ஒருத்தி பேச்சைக் கேட்டுவிட்டு, "இதில தலையிடாதே பிரியா, ஏற்கெனவே உன் பெயர் அடிபடுது" என்று வைத்துவிட்டாள்.

ஆதிபாவுக்கு அவள் திருப்பி எடுத்தாள். "தரமாட்டாங்க, ஆதிபா. நீ ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் எரிக்கத்தான் போறாங்க."

"அப்ப நான் ஓம் சொல்ல மாட்டேன்," என்றாள் ஆதிபா. "செய்றத அவங்க செய்யட்டும். நான் ஓம் சொல்லல்ல."

பிரேத அறையின் பின்வாசலில் வண்டி நின்றது. பாதுகாப்பு உடை போட்ட ஊழியர்கள் பெட்டியைக் கொண்டுவந்து, ஏற்றுவதற்கு முன் கீழே வைத்தார்கள். விஷ்ணுப்பிரியா அவர்களில் மூத்தவரிடம் சிங்களத்தில் கேட்டாள். மகள் ஒருத்தி இருக்கிறாள், வர முடியாத இடத்தில், கொஞ்சம் பொறுப்பீர்களா என்று. அவர் இருபுறமும் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். சீக்கிரம் என்று அர்த்தம்.

அவள் காணொளி அழைப்பை எடுத்தாள். திரையில் ஆதிபா தலையை மூடிக்கொண்டு தெரிந்தாள். இன்னொரு மூலையில் தோஹாவிலிருந்து ஷிராஸ், தொழிலாளர் விடுதியின் இரட்டைக் கட்டில் ஒன்றின் முன்னால் எழுந்து நின்றான். விஷ்ணுப்பிரியா கைபேசியைப் பெட்டிக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஷிராஸ் தொழுகையைத் தொடங்கினான். ஆதிபாவின் உதடுகள் அசைந்தன. அரபுச் சொற்கள் எதுவும் விஷ்ணுப்பிரியாவுக்கு விளங்கவில்லை. கை கடுத்தது. திரை ஆடினால் அவர்களுக்குப் பெட்டி தெரியாமல் போகும் என்று முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். ஊழியர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பின்வாங்கி நின்றார்கள். மூத்தவர் கைகளை முன்னால் கட்டிக்கொண்டார்.

முடிந்ததும் ஆதிபா, "அக்கா, கிட்டக் கொண்டு போங்க," என்றாள். கிட்டக் கொண்டுபோனாள். பெட்டி மூடித்தான் இருந்தது. ஆதிபா அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பௌஸி பிழைத்தார்.

எடை பாதியாகி, தாடி முழுக்க நரைத்து, ஆதிபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பிற்பகல் வெள்ளவத்தைக்குத் திரும்பினார். நஸீறாவின் சாம்பலைக் கொண்டுபோகலாம் என்று அறிவித்திருந்தார்கள். அவர் போகவில்லை. ஷிராஸும் வேண்டாம் என்றுவிட்டான்.

விஷ்ணுப்பிரியா கீழே போகப் பயந்தாள். அன்று அந்தக் கதவில் கையை வைத்து மறித்தவள் நஸீறா. அந்தக் கையை இறக்க வைத்தவள் விஷ்ணுப்பிரியா. ஆனால் உள்ளே போகாமல் இருந்திருந்தால் பௌஸி அன்று மாலையைத் தாண்டியிருக்கமாட்டார். இரண்டையும் எத்தனை தடவை யோசித்தாலும் ஒன்று மற்றதைக் கழுவிவிடவில்லை.

கடைசியில் அவரே வந்தார். ஒரு மாடி ஏறுவதற்குப் பலமுறை நின்று மூச்சு வாங்கியிருக்க வேண்டும். விசாலம் கதிரையைப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க நிண்டீங்களாம்," என்றார் விஷ்ணுப்பிரியாவிடம்.

"ஓம் சேர்."

"வண்டி போற வரைக்குமா?"

"போற வரைக்கும்."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "எனக்கு அவக்கிட்டயிருந்து வரல்ல. என்னட்டயிருந்துதான் அவக்கு. இது ஆருக்கும் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்."

விஷ்ணுப்பிரியா மறுக்கவில்லை. மறுத்தால் அவர் நம்பமாட்டார்.

"அந்தப் பொடியன்ட நிகழ்ச்சி இண்டைக்கும் ஈக்குதானே? நம்பரச் சொல்லுங்க. உங்கள வாய் மூடச் சொல்லலாம். நான் அரசாங்க உத்தியோகத்தன் இல்ல."

மாலையில் அவளும் விசாலமும் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கீழிருந்து பௌஸி எடுத்த அழைப்பு மேலே தொலைக்காட்சியில் கேட்டது. பழைய குரல் இல்லை. காற்று கசியும் குரல்.

"நான் வெள்ளவத்தையிலருந்து பௌஸி. வர்த்தகப் பாடம் படிப்பிக்கிறவன். எனக்குக் கொரோனா வந்தது. நான் ஒளிச்சேன். என்ட பெண்சாதிக்கு என்னாலதான் வந்தது. அவ மௌத்து. எரிச்சிட்டாங்க. நான் ஏன் ஒளிச்சேன் எண்டு இந்த நிகழ்ச்சில ஆராவது ஒருத்தர் என்னட்டக் கேளுங்க."

ஜனா முன்னால் இருந்த காகிதங்களைத் தள்ளிவைத்தான். காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஏன் சேர் ஒளிச்சீங்க?" என்று கேட்டான்.

பௌஸி சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கும்வரை விளம்பரம் வரவில்லை.

இது நடந்து சில வாரங்களுக்குப் பிறகு, அடுத்த வருடத்தின் தொடக்கத்தில், புதைப்பதற்கு அனுமதி கிடைத்தது. கொழும்பில் இல்லை. கிழக்கே, வெகுதூரத்தில் ஓரிடத்தில். செய்தியைக் கேட்டதும் விஷ்ணுப்பிரியா கீழே இறங்கிப் போனாள். விசாரணையில் அவளை வெளி மாவட்டம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கதவைத் திறந்த ஆதிபா உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே பௌஸி கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பாக்குத் தெரியும். காலையிலேயே ஷிராஸ் நானா கோல் எடுத்துச் சொன்னார். ஒண்டும் கதைக்கல்ல. வகுப்பு ஈக்கு எண்டு போய் ஒக்காந்துட்டார்."

இருவரும் குசினியில் காத்திருந்தார்கள். ஆதிபா பிளேன்டீ ஊற்றினாள். சுவருக்கு அப்பாலிருந்து பௌஸியின் குரல் வந்துகொண்டிருந்தது. ஒரு வசனத்தின் நடுவில் மூச்சுக்காக நின்றது. கணினியின் மறுபக்கத்துப் பிள்ளைகளில் ஒருவரும் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.